திரட்டளவின் இலக்கணம்: ஐயப்பன்தாங்கல் வீட்டு மதிப்பீட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

கட்டட மதிப்பீட்டில் வரும் அளவுகள் இரண்டு நிலைகளில் நிற்கின்றன. வரைபடத்திலிருந்து நேரே எடுத்து, ஓர் உறுப்புக்கு ஒரு வரி என்ற கணக்கில் எழுதப்படுவதை விரிவளவு என்போம். முதல் தளத்துச் சமையலறையின் வடக்குச் சுவர், நீளம் 3.60 மீ, உயரம் 3.00 மீ, கனம் 0.23 மீ என்ற வரி ஒரு விரிவளவு. இத்தகைய வரிகள் பலவற்றிலிருந்து கிடைத்து, விலை வீதத்தோடு பெருக்கப்படும் எண்ணைத் திரட்டளவு என்போம். முதல் தளத்துச் செங்கல் கட்டுவேலை மொத்தம் இத்தனை கனமீட்டர் என்பது திரட்டளவு. முன்னதிலிருந்து பின்னதற்குச் செல்லும் செயலே திரட்டல்.

திரட்டலை இவ்வாறு வரையறுக்கிறோம்: ஒரே இனத்தைச் சேர்ந்த விரிவளவுகளை, அவற்றின் விலையைத் தீர்மானிக்கும் பண்பு எதையும் இழக்காமல் ஒரே எண்ணாக்குவது. இவ்வரையறையில் மூன்று கூறுகள் உள்ளன: இனம், பண்பு, இழக்காமை. மதிப்பீட்டு மென்பொருள்கள் கூட்டலை நொடியில் முடித்துவிடுகின்றன. இம்மூன்றையும் அவை தாமாக அறிவதில்லை. திரட்டல் முதலில் இனம் பிரிக்கும் வேலை, பிறகுதான் கூட்டும் வேலை என்பது நம் வாதம். தவறு நேரும் இடங்கள் பெரும்பாலும் முன்னதில்தான் இருக்கின்றன.

ஆய்வுக்குரிய களமாக ஐயப்பன்தாங்கலைக் கொள்கிறோம். போரூரிலிருந்து பூந்தமல்லி செல்லும் நெடுஞ்சாலையில், காஞ்சிபுரம் மாவட்டத்தில் அமைந்த இவ்வூரில் அரை கிரவுண்டு மனையில், அதாவது 1200 சதுர அடியில், இரண்டு மூன்று தளங்களுடன் எழும் வீடு வழக்கமான காட்சி. இங்கே ஒப்பந்தம் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி முடிக்கப்படுகிறது. அந்த ஒற்றை வீதம் திரட்டளவுகளிலேயே உச்சியில் நிற்பது. அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று வீட்டுக்காரர் கேட்பது அரிது, மேஸ்திரி சொல்வது அதனினும் அரிது. கீழ்வரும் கணக்குகளுக்கு 30 அடிக்கு 40 அடி மனையில் தரைத்தளமும் அதன்மேல் இரு தளங்களும் கொண்ட ஒரு வீட்டை எடுத்துக்காட்டாக நாமே வகுத்துக்கொள்கிறோம். அளவுகள் விளக்கத்துக்காகத் தேர்ந்தவை. விதிகள் நடைமுறையில் உள்ளவை.

2. மரபு

கணினிக்கு நெடுங்காலம் முன்பே திரட்டல் இருந்தது. பிரிட்டிஷ் அளவுக் கணிப்பாளர்கள் இவ்வேலையை நான்கு கட்டங்களாகப் பிரித்திருந்தார்கள்: வரைபடத்திலிருந்து அளவெடுத்தல், பெருக்கிக் காணுதல், இனவாரியாகத் திரட்டுதல், விலைப்பட்டியலாக எழுதுதல். மூன்றாம் கட்டத்துக்கென்று அகலமான கோடிட்ட தாள்கள் இருந்தன. அளவுத்தாளின் ஒரு வரியைத் திரட்டுத்தாளுக்கு மாற்றியதும் மூலவரியின்மேல் ஒரு கோடு இழுப்பார்கள். கோடு விழாத வரி இன்னும் சேரவில்லை. கோடு விழுந்ததை மறுபடி சேர்க்கக் கூடாது. விடுபடல், இரட்டிப்பு என்னும் இரு குற்றங்களையும் ஒரு பேனாக் கோட்டால் தடுத்த முறை அது. அளவெடுக்கும் விதிகளின் முதல் பொதுத் தொகுப்பு இங்கிலாந்தில் 1922இல் வெளிவந்தது.

சென்னை மாகாணத்தில் பொதுப்பணித்துறை 1858இல் அமைந்தது. அத்துறையின் மதிப்பீட்டுப் படிவம் இன்றும் அடிப்படையில் மாறவில்லை. எண்ணிக்கை, நீளம், அகலம், உயரம் அல்லது ஆழம், உள்ளடக்கம் என்ற பத்திகளைக் கொண்ட விரிவான மதிப்பீடு முதலில். ஒவ்வொரு வேலை அலகுக்கும் பொருள், கூலி, ஏற்றிவரும் தூரம் ஆகியவற்றிலிருந்து வீதம் காணும் ‘டேட்டா’ அடுத்து. இரண்டும் சந்திக்கும் ‘அப்ஸ்ட்ராக்ட்’ முடிவில். வேலை நடந்தபின் உண்மையில் அளந்தவை எம்-புக் எனப்படும் அளவுப் புத்தகத்தில் ஏறும். எதை எந்த அலகில் அளப்பது, எதைக் கழிப்பது என்பதை இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 1200 தன் பல பாகங்களில் வேலைவாரியாக வகுத்துச் சொல்கிறது.

1979இல் வந்த விசிகால்க்கும் அதைத் தொடர்ந்த லோட்டஸ், எக்செல் முதலியவையும் இதே பத்திகளைத் திரைக்கு ஏற்றின. பெருக்குவதும் கூட்டுவதும் எளிதாயின. பேனாக் கோடு மட்டும் திரைக்கு வரவில்லை. அதன் விளைவை எட்டாம் பிரிவில் காண்போம்.

3. கூட்டத்தகு அளவும் கூட்டத்தகா அளவும்

நீளம், பரப்பு, கனம், எடை, எண்ணிக்கை ஆகியவை கூட்டத்தகு அளவுகள். இரு பகுதிகளின் அளவைக் கூட்டினால் முழுமையின் அளவு கிடைக்கும். வீதம், விழுக்காடு, விகிதம், சராசரி ஆகியவை கூட்டத்தகா அளவுகள். இவற்றை மேல்நிலையில் மீண்டும் கணக்கிட வேண்டுமேயன்றிக் கீழிருந்து திரட்டக் கூடாது. மேலே கண்ட ஒன்றைக் கீழே பகிர்ந்தளிக்கவும் கூடாது.

இவ்வேறுபாட்டுக்கு ஐயப்பன்தாங்கல் வழியாகவே ஓர் உதாரணம் செல்கிறது. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை 2024 அக்டோபரில் ஒப்புதல் அளித்தது. மாதவரம்–சிப்காட் 45.8 கி.மீ., கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி புறவழி 26.1 கி.மீ., மாதவரம்–சோழிங்கநல்லூர் 47 கி.மீ. ஆக 118.9 கி.மீ.; மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். நீளங்களின் கூட்டல் செல்லும். ஆனால் தொகையை நீளத்தால் வகுத்துக் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 532 கோடி என்று ஒருவர் சொன்னால், அந்த எண் எந்த ஒரு கிலோமீட்டரையும் குறிக்காது. பூந்தமல்லி வழித்தடத்தின் கடற்கரைப் பக்கம் சுரங்கத்தில் செல்கிறது. ஐயப்பன்தாங்கல் பணிமனை முன்னால் அது தூண்களின் மேல் உயர்த்துப் பாதையாகச் செல்கிறது. சுரங்கமும் தூணும் ஒரே வீதத்தில் வருவதில்லை. சராசரி, திட்டங்களை ஒப்பிட உதவும். ஓர் உறுப்பின் விலையைச் சொல்ல உதவாது.

சதுர அடி வீதமும் இவ்வகையைச் சேர்ந்ததே. மேல்தளத்தில் ஓர் அறை குறைந்தால் சதுர அடிகளைக் கழித்து, பழைய வீதத்தால் பெருக்கித் தொகை குறைப்பது வழக்கத்தில் உள்ளது. அடித்தளமும் செப்டிக் டேங்கும் கீழ்நிலைத் தொட்டியும் அறை குறைந்ததால் குறைவதில்லை என்பதால் இக்கணக்கு ஒப்பந்ததாரருக்கு நட்டம். அறை கூடினால் அதே காரணத்தால் வீட்டுக்காரருக்கு நட்டம்.

4. இனம் என்பது கேள்வியைப் பொறுத்தது

இரண்டு விரிவளவுகள் ஒரே இனமா என்பதை எவ்வாறு அறிவது? முதல் தேர்வு அலகு. ஒன்பது இஞ்சுச் சுவரைக் கனமீட்டரிலும் நாலரை இஞ்சுச் சுவரைச் சதுரமீட்டரிலும் அளக்க வேண்டும் என்பது ஐ.எஸ். 1200இன் விதி. இரண்டும் செங்கல்தான், ஒரே கொத்தனார்தான் கட்டுகிறார். ஆயினும் கூட்ட முடியாது. நாலரை இஞ்சுச் சுவரையும் கனத்தில் எழுதி ஒன்றாக்கும் மதிப்பீடுகளைக் காண்கிறோம். மெல்லிய சுவருக்குக் கனமீட்டர் ஒன்றுக்கு ஆகும் கூலி கூடுதல் என்ற செய்தி அங்கே மறைந்துபோகிறது.

அடுத்தது தரக்குறிப்பு: கலவை 1:5 ஆனதும் 1:6 ஆனதும் வேறு இனம். அதற்கடுத்தது இடம். தமிழ்நாடு பொதுப்பணித்துறையின் மதிப்பீடுகள் ஒரே கட்டுவேலையை அடித்தளமும் பேஸ்மட்டமும், தரைத்தளம், முதல் தளம் என்று தனித்தனி வரிகளாக்குகின்றன. கல்லையும் கலவையையும் மேலே ஏற்றும் கூலி தளத்துக்குத் தளம் மாறுவதே காரணம்.

இங்கே கவனிக்கத்தக்க ஒரு நுட்பம் உண்டு. நம் எடுத்துக்காட்டு வீட்டில் ஒன்பது இஞ்சுக் கட்டுவேலை தரைத்தளத்தில் 14, முதல் தளத்தில் 16, இரண்டாம் தளத்தில் 16 கனமீட்டர் எனக் கொள்வோம். 46 என்று கூட்டலாமா? எத்தனை செங்கல் வாங்குவது என்பது கேள்வியானால் கூட்டலாம்; சூளையிலிருந்து வரும் கல்லுக்குத் தளம் தெரியாது. கூலி எவ்வளவு என்பது கேள்வியானால் கூட்டக் கூடாது. ஆகவே இனம் என்பது பொருளுக்குள் கிடக்கும் இயல்பன்று. கேட்கப்படும் கேள்விக்கும் பொருளுக்கும் இடையிலான உறவு. ஒரே விரிவளவு ஒரு கேள்விக்கு ஓரினமாகவும் மற்றொன்றுக்கு வேற்றினமாகவும் நிற்கும். நல்ல மென்பொருள் ஒரு வரிக்கு ஒரே தலைப்பு தராமல் பல பண்புக்குறிகளைத் தருவது இதனாலேயே.

5. கழிப்பு விதிகள்: ஒரு சுவரின் இரண்டு நிகரளவுகள்

திரட்டலில் மிகவும் சிக்கலான பகுதி கழிப்பு. மேலே சொன்ன சமையலறைச் சுவரையே எடுத்துக்கொள்வோம். 3.60 மீ நீளம், 3.00 மீ உயரம், முகப்பரப்பு 10.80 ச.மீ. அதில் 1.00 மீட்டருக்கு 2.10 மீட்டர் கதவு ஒன்றும், 0.60 மீட்டருக்கு 0.45 மீட்டர் வென்டிலேட்டர் ஒன்றும் உள்ளன. திறப்புகள் முறையே 2.10, 0.27 ச.மீ. லிண்டலை இக்கணக்கில் விட்டுவிடுவோம்.

கட்டுவேலையில் 0.1 ச.மீ. வரையிலான திறப்புகளைக் கழிப்பதில்லை. நம்முடைய இரண்டும் அதற்கு மேற்பட்டவை, இரண்டும் கழியும். 10.80இலிருந்து 2.37 போக 8.43, 0.23 கனத்தால் பெருக்க 1.94 க.மீ.

பூச்சுவேலையின் விதி வேறு. 0.5 ச.மீ. வரையிலான திறப்புக்குக் கழிப்பு இல்லை. 0.5க்கு மேல் 3 ச.மீ. வரை, இருபுறமும் ஒரே பூச்சானால் ஒரு முகத்துக்கு மட்டும் கழிப்பு. மறுமுகத்தில் கழிக்காமல் விடுவது திறப்பின் பக்கவாட்டு, மேல், கீழ் ஓரங்களைப் பூசுவதற்கு ஈடு. 3 ச.மீ.க்கு மேற்பட்டால் இருமுகமும் கழியும். ஓரப்பூச்சு தனியே அளந்து சேர்க்கப்படும். ஆகவே நம் சுவரின் பூச்சு: இருமுகம் 21.60, கதவுக்கு ஒருமுகம் 2.10 கழிய 19.50 ச.மீ. வென்டிலேட்டருக்குக் கழிப்பில்லை.

இதே சுவரை முப்பரிமாண மாதிரியில் வரைந்து, மென்பொருளிடம் பரப்பைக் கேட்டால் அது வடிவியல்படி விடை தரும்: இருமுகத்திலும் இரு திறப்புகளும் கழிய 16.86 ச.மீ. வித்தியாசம் 2.64 ச.மீ., ஒரே சுவரில். எந்த எண் சரி? இரண்டுமே சரி, அவை வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். 16.86 என்பது சுவரின் தட்டையான முகங்கள் மீது ஏறும் பூச்சின் பரப்பு. 19.50 என்பது விதிப்படி பணம் கொடுக்க வேண்டிய பரப்பு. முன்னதை வடிவளவு என்றும் பின்னதை விதியளவு என்றும் பிரித்தழைப்போம். ஐ.எஸ். 1200 முறையில் அமைந்த வீதம் விதியளவுக்கு உரியது. ஓரங்களைப் பூசும் உழைப்பு அதற்குள் அடங்கியிருக்கிறது. அவ்வீதத்தை வடிவளவோடு பெருக்கினால், வீடு முழுக்கக் கதவுக்குக் கதவு, ஜன்னலுக்கு ஜன்னல் பூச்சுக்காரர் இழந்துகொண்டே போவார். மாதிரியிலிருந்து தானாக அளவெடுக்கும் வசதியை விற்பவர்கள் இவ்வேறுபாட்டைப் பெரிதாகப் பேசுவதில்லை என்பதையும் குறிக்க வேண்டும்.

கழிப்பைத் தனி எதிர்வரியாக எழுதும் பழைய மரபே மேலானது என்பது நம் கருத்து. 8.43 என்ற நிகரை நேரே எழுதினால், கதவு ஜன்னலாக மாறும்போது எதைத் திருத்துவது என்று தெரியாது. 10.80, கழிவு 2.10, கழிவு 0.27 என மூன்று வரிகளாக இருந்தால் ஒரு வரியை மாற்றினால் போதும்.

கழிப்பின் மறுபக்கம் இரட்டிப்பு. பீமும் ஸ்லாபும் சேரும் இடத்துக் கான்கிரீட் யாருக்குச் சொந்தம்? ஸ்லாபைப் பீமின்மேலும் சேர்த்து அளந்துவிட்டால், பீமின் ஆழத்தை ஸ்லாபின் அடியிலிருந்துதான் எடுக்க வேண்டும். 0.23 மீ அகலமும் 0.45 மீ மொத்த ஆழமும் உள்ள பீம், 0.125 மீ ஸ்லாபுக்குக் கீழே 0.325 மீ மட்டுமே. முழு ஆழத்தையும் போட்டால் மீட்டருக்கு 0.02875 க.மீ. இரட்டிக்கும். ஒரு தளத்தில் 60 மீ பீம் எனக் கொண்டால் 1.725 க.மீ.; மூன்று மேற்கூரைகளுக்கு 5.175 க.மீ. ரெடிமிக்ஸ் கொண்டுவரும் 6 க.மீ. கொள்ளளவுள்ள லாரி ஒன்றை ஏறக்குறைய நிரப்பும் அளவு அது. தனித்தனியே பார்த்தால் பீம் வரியும் ஸ்லாப் வரியும் குற்றமற்றவை. சேர்த்துப் பார்க்கும்போதுதான் குற்றம் தெரியும்.

6. ஒரு கொத்து வரிகள், பல மரங்கள்

விரிவளவுகளை மேல்நோக்கித் திரட்டும் படிநிலை அமைப்பைத் திரட்டுமரம் என்போம். உறுப்புவாரி மரம் வீட்டை அடித்தளம், சட்டகம், சுவர், கூரை எனப் பிரிக்கும். வேலைவாரி மரம் மண்வேலை, கான்கிரீட், கட்டுவேலை, பூச்சு எனப் பிரிக்கும். அமெரிக்க நடைமுறையில் இவ்விரண்டுக்கும் யூனிஃபார்மட், மாஸ்டர்ஃபார்மட் என இரு குறியீட்டு முறைகளே உள்ளன. பின்னது நெடுங்காலம் 16 பிரிவுகளோடு இருந்து 2004இல் 50 பிரிவுகளாக விரிந்தது. நம்மூரில் இவற்றைவிட முக்கியமான மூன்றாவது மரம் ஒன்றுண்டு: பணம் கொடுக்கும் கட்டவாரி மரம். பேஸ்மட்டம் முடிந்ததும் இவ்வளவு, லிண்டல் மட்டத்தில் இவ்வளவு, கூரை போட்டதும் இவ்வளவு, பூச்சு முடிந்ததும் இவ்வளவு என்றே ஒப்பந்தம் எழுதப்படுகிறது; வங்கிக் கடனும் கட்டம் கட்டமாகவே வெளிவருகிறது.

மரங்கள் மூன்றாயினும் அடியிலுள்ள வரிகள் ஒன்றே. இதிலிருந்து ஒரு சோதனை கிடைக்கிறது: எந்த மரத்தின் வழியே ஏறினாலும் உச்சியில் ஒரே தொகை வர வேண்டும். வராவிட்டால், ஏதோ ஒரு வரி ஒரு மரத்தில் குறியீடின்றி நிற்கிறது அல்லது இரு கிளைகளில் தொங்குகிறது. எக்செலின் பிவட் அட்டவணை இச்சோதனையை எளிதாக்குகிறது. ஒவ்வொரு மரத்துக்கும் தனித்தனி ஷீட் போட்டு எண்களை நகலெடுப்பவர்களுக்கு இச்சோதனை கிட்டாது. ஒரு ஷீட்டில் திருத்தியது மற்றதில் திருந்தாமல் நிற்கும். எது சரியென்று இரண்டையும் வைத்துக்கொண்டு விழிக்க வேண்டியதுதான்.

7. இரண்டாம் திரட்டல்: வேலையிலிருந்து பொருளுக்கு

வேலை அளவுகளை மீண்டும் பிரித்து சிமெண்ட், மணல், ஜல்லி, கம்பி எனப் பொருள்வாரியாகச் சேர்ப்பதை இரண்டாம் திரட்டல் என்போம். மென்பொருள்கள் இதற்குத் தொகுதி என்னும் அமைப்பைப் பயன்படுத்துகின்றன: ஒரு கனமீட்டர் வேலைக்கு எந்தப் பொருள் எவ்வளவு என்ற வாய்பாடு. எம்20 கான்கிரீட்டை 1:1½:3 விகிதத்தில் கொண்டால், உலர்கனம் 1.54 என்ற வழக்கமான கணக்கில் கனமீட்டருக்கு சிமெண்ட் 0.28 க.மீ., மணல் 0.42, ஜல்லி 0.84. சிமெண்ட் எடையில் ஏறத்தாழ 403 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டை எட்டும் சற்றும். 40 க.மீ. கான்கிரீட்டுக்கு 323 மூட்டை. மணல் 16.8 க.மீ.; லாரிக்காரர் பேசும் 100 கனஅடி யூனிட்டில், யூனிட்டுக்கு 2.83 க.மீ. வீதம், 5.93, ஆக 6 யூனிட் எம்-சாண்ட். ஜல்லி 11.87, ஆக 12 யூனிட்.

இங்கே இரு எச்சரிக்கைகள். கூரைக் கான்கிரீட்டை ரெடிமிக்ஸாக வாங்குவதென முடிவானபின்னும் பழைய தொகுதி மாறாமல் நின்றால், பட்டியலில் வராத சிமெண்டும் ஏறாத மணலும் விலையோடு நிற்கும். வேலைவாரித் திரட்டு சரியாகவே இருப்பதால் இப்பிழை அங்கே தெரியாது. இரண்டாவது, சேதாரம். தொகுதிக்குள் 5 விழுக்காடு சேதாரம் சேர்த்தபின், கொள்முதல் பட்டியலிலும் 5 விழுக்காடு சேர்த்தால் விளைவு 10.25 விழுக்காடு. சேதாரம் எந்தப் படியில் சேர்கிறது என்பதை மதிப்பீட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவைப்பது நலம். அது ஒரே படியில் சேர வேண்டும். கொள்முதல் படியே அதற்கு உரியது என்பது நம் துணிபு. காரணம், விதியளவில் சேதாரத்துக்கு இடமில்லை.

8. முழுமையாக்கமும் மீள்தடமும்

எண்ணை முழுமையாக்குவது திரட்டலின் கடைசிப் படியில் மட்டுமே நிகழ வேண்டும். 8 மி.மீ. கம்பியின் எடை, விட்டத்தின் வர்க்கத்தை 162ஆல் வகுக்கும் வாய்பாட்டின்படி மீட்டருக்கு 0.395 கிலோ. 1.26 மீ நீளமுள்ள 1200 ரிங்குகளுக்கு 597 கிலோ. ஒவ்வொரு ரிங்கையும் முதலிலேயே 1.3 மீ என்று கொண்டால் 616 கிலோ. நான்கு சென்டிமீட்டர் கருணை 19 கிலோவாக வளர்கிறது.

நகலெடுத்து ஒட்டுவதால் வரும் குற்றங்களில் முதன்மையானது, கிளைத்தொகையையும் இலைகளோடு சேர்த்துக் கூட்டிவிடுவது. எக்செலில் சம் என்ற சார்பு தன் எல்லைக்குள் இருக்கும் கிளைத்தொகைகளையும் விழுங்கும். சப்டோட்டல் என்ற சார்பு தன்னைப் போன்ற மற்றவற்றை விட்டுவிட்டுக் கூட்டும். மதிப்பீட்டுக்குப் பின்னதையே கையாள வேண்டும்.

திரட்டளவிலிருந்து அதன் விரிவளவுகளுக்குத் திரும்பிச் செல்லும் வழியை மீள்தடம் என்போம். நம் வரையறையில் இழக்காமை என்று கூறியது இதையே. தளவாரியாகத் திரட்டிய எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அடி வரிகளை அழித்துவிட்டால், கூட்டல் பிழையின்றி இருந்தும் திரட்டல் தோற்றது. வேலையின் நடுவே ஜன்னல் ஒன்று இடம் மாறும். அப்போது 46 க.மீ. என்ற எண்ணிடம் கேட்க ஒன்றுமில்லை.

அளவுப் புத்தகத்தில் மீள்தடம் கட்டாயமாக இருந்தது. பக்கங்களுக்கு அச்சிட்ட எண் உண்டு, கிழிக்க முடியாது. எழுதியதைச் சுரண்டி அழிக்கக் கூடாது. தவற்றைக் கோடிட்டு அடித்து, சரியானதை எழுதி, சுருக்கொப்பம் இட வேண்டும். உதவிப் பொறியாளர் அளந்ததை மேலதிகாரி சரிபார்த்து அளப்பார். திரையில் ஓர் எண்ணை மாற்றினால் பழைய எண் சுவடின்றி மறைகிறது. ஆகவே மதிப்பீட்டு மென்பொருளைத் தேர்வு செய்யும் சிறு ஒப்பந்ததாரர்களுக்கும் பொறியாளர்களுக்கும் நாம் முன்வைக்கும் தேர்வுமுறை இது: திரட்டளவின்மேல் சொடுக்கினால் அடிவரிகள் எல்லாம் விரிய வேண்டும், கழிப்புகள் தனி வரிகளாக நிற்க வேண்டும், யார், எப்போது, எந்த எண்ணை எதுவாக மாற்றினார் என்பது தங்க வேண்டும். முதல் இரண்டும் இருந்து மூன்றாவது இல்லாத மென்பொருளை விலை கேட்டு மதிப்பீடு தயாரிக்கும் வரையில் பயன்படுத்தலாம். வேலை அளந்து பணம் பட்டுவாடா செய்வதற்குப் பயன்படுத்தக் கூடாது.

வீடு கட்டுவோருக்குச் சொல்ல வேண்டியது ஒன்றே: சதுர அடி வீதத்தில் கையெழுத்திடும் முன், அதன் அடியிலுள்ள விரிவான அளவுத்தாளை ஒப்பந்தத்தின் இணைப்பாகக் கேட்டு வாங்குங்கள்.